காதுக்கு ஒத்தது எல்லாம் உறவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழும் துருக்கி மொழியும் ஒருதாய் மக்கள் என்று நிறுவ முயலும் கட்டுரை ஒன்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. நாற்பது சொற்கள் கொண்ட ஓர் அட்டவணை, கூடவே சில இலக்கண ஒப்புமைகள். எழுதியவருக்கு இரு மொழிகள் மீதும் இருக்கும் பற்று வரிக்கு வரி தெரிகிறது; அந்தப் பற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்ட மாத்திரத்தில் ஒன்றுபோல் இருக்கும் சொற்களைப் பொறுக்கிச் சேர்க்கும் முறை மொழியுறவைக் காட்டாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். துருக்கிய மொழிகளின் ஆராய்ச்சி வரலாறு இதற்கு நல்ல சாட்சி. அங்கே காதுக்கு இனித்தது பொய்த்துப் போனதுண்டு. காது ஒதுக்கித் தள்ளிய மொழி உடன்பிறப்பாக நின்றதும் உண்டு.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். கட்டுரையில் ‘துருக்கி மொழி பால்கன் முதல் சைபீரியா வரை பேசப்படுகிறது’ என்று இருந்தது. துருக்கி மொழி என்பது துருக்கி நாட்டின் ஆட்சிமொழி, ஒரு மொழி. பால்கன் முதல் சைபீரியா வரை பரந்து கிடப்பது அந்த மொழியும் சேர்ந்த குடும்பம். அசர்பைஜானி, துர்க்மென், உஸ்பெக், கசாக், கிர்கிஸ், தாத்தார், உய்குர், யாகூத்து, சுவாஷ் என்று முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் உண்டு. ஒன்றைத் ‘துருக்கி’ என்றும், குடும்பத்தைத் ‘துருக்கியம்’ என்றும் எழுதினால் இந்தக் குழப்பம் வராது. தமிழ் என்பதும் திராவிடம் என்பதும் வேறு என்று நமக்குத் தெரியும் அல்லவா, அதே கணக்குத்தான்.

எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தின் கடைசி எழுத்துக்குரிய ஒலியை, அதாவது குரல் அதிரும் ஸகரத்தை, இங்கே ‘ஃஸ’ என்று குறிக்கிறேன். இதழைக் குவித்துக்கொண்டு எகரமும் இகரமும் சொன்னால் வரும் இரண்டு உயிர்கள் துருக்கியில் உண்டு. அவற்றை ஒகரம், உகரமாகவே எழுதுகிறேன். அதில் ஓர் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மற்றவர்கள் திணறும் ஓர் ஒலி நமக்குக் கைவந்தது. இதழ் குவியாத உகரம் ஒன்று துருக்கியில் இருக்கிறது. ஐரோப்பியர் இதைப் பிடிக்கப் படாதபாடு படுவார்கள். ‘நாடு’, ‘பட்டு’ என்று நாம் சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம் கிட்டத்தட்ட அதேதான். இஸ்தான்புல் அரண்மனையின் பெயரைப் பத்திரிகைகள் ‘டோப்காபி’ என்று எழுதுகின்றன. குற்றியலுகரத்தோடு ‘தொப்கப்பு’ என்று எழுதினால் துருக்கியர் காதுக்கே சரியாக விழும். ‘தொப்’ பீரங்கி, ‘கப்பு’ வாசல்.

இனி அட்டவணைக்கு வருவோம். அதன் முதல் வரிசை: தமிழில் அன்னை, துருக்கியில் ‘அன்னெ’. இதைப் பார்த்தால் யாருக்கும் உள்ளம் குளிரும். ஆனால் ‘அன்னெ’ பிற்காலத்து வடிவம். அதற்கு முந்தியது ‘அனா’. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 8ஆம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டுகளில் தாய்க்கு வரும் சொல்லோ ‘ஒக்’. இதற்கும் அன்னைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தாய், தந்தை பெயர்கள் மழலை வாயில் பிறப்பவை. மகரமும் நகரமும் பகரமும் தகரமும் குழந்தைக்கு முதலில் வரும் மெய்கள், அகரம் எளிதில் வரும் உயிர். உலகெங்கும் இவற்றைக் கொண்டே பெற்றோரை அழைக்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. ஆகவே ஒப்பியல் ஆய்வில் முதல் வேலை, பெற்றோர் பெயர்களையும் ‘படபட’, ‘கடகட’ போன்ற ஒலிக்குறிப்புச் சொற்களையும் அட்டவணையிலிருந்து நீக்குவது.

இரண்டாவது சல்லடை கடன்சொல். அட்டவணையில் அசல்–அசுல், ஆஜர்–ஹஃஸுர், மைதானம்–மெய்தான், வாரிசு–வாரிஸ், தராசு–தெராஃஸி, சிபாரிசு–சிபாரிஷ் எல்லாம் இருக்கின்றன. ஒப்புமை உண்மைதான். ஆனால் முதல் நான்கும் அரபு, பின்னிரண்டும் பாரசீகம். ஆட்சி, வாணிகம், நீதிமன்றம் வழியாக இரு பக்கமும் போய்ச் சேர்ந்தவை. ஒரே கடையில் வாங்கிய துணியை இருவர் உடுத்தியிருப்பதால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவதில்லை. பொருள் மாறியிருப்பதும் கவனிக்கத் தக்கது: துருக்கியில் ‘சிபாரிஷ்’ என்றால் கடையில் கொடுக்கும் ஆர்டர், ‘ஹஃஸுர்’ என்றால் தயார்.

தமிழில் உண்மையாகவே துருக்கிய வேர் தேட வேண்டுமானால் வேறு இடத்தில் தேட வேண்டும். ‘உருது’ என்ற மொழிப் பெயர், படைமுகாமைக் குறிக்கும் ‘ஒர்து’. ‘குருமா’வின் பின்னால் வறுத்தலைக் குறிக்கும் ‘கவுர்’ என்ற வினை இருக்கிறது. நீதிமன்ற வேலை அறிவிப்புகளில் இன்றும் வரும் ‘மசால்ஜி’ என்ற பதவியில் தீவட்டியைக் குறிக்கும் முன்பாதி அரபு. ஆளைக் குறிக்கும் ‘ஜி’ துருக்கிய விகுதி. துருக்கியில் மீன் ‘பாலுக்’, மீன்காரர் ‘பாலுக்ச்சு’ என்று இன்றும் உயிரோடிருக்கும் விகுதி அது. இவையெல்லாம் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. இவற்றைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன்.

இரண்டு சல்லடைக்கும் தப்பி நிற்கும் சொற்களைத் தற்செயல் என்று ஒதுக்கலாமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து, துருக்கிச் சொல் ஒன்றோடு ஒலி தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு ஐந்நூறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பொருளில் கொஞ்சம் தளர்வு கொடுத்து, ‘மலை’க்கு நேராக மேடு, கல், உயரம், முகடு என்று பத்துப் பொருள்களுக்கு இடம் விட்டால், வாய்ப்பு ஐம்பதில் ஒன்றாகிவிடும். இரண்டாயிரம் சொற்களை இப்படிப் புரட்டினால் நாற்பது பொருத்தங்கள் தாமாகவே விழும். எந்த இரு மொழிகளை எடுத்தாலும் விழும். பொருளில் தளர்வு கூடக் கூடப் பட்டியல் நீளும்; பட்டியலின் நீளம் தளர்வின் அளவைத்தான் சொல்கிறது.

அப்படியானால் உறவைக் காட்டுவது எது? ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் வேறுபாடு. தமிழில் பால், பல், பத்து, புலி என்றால் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி. ஒலி ஒன்றாக இல்லை. ஆனால் வேறுபாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. துருக்கியத்தில் இதற்கு ஈடான பாடம் சுவாஷ் மொழி. வோல்கா ஆற்றங்கரையில் செபொக்சாரியைத் தலைநகராகக் கொண்ட குடியரசில் பேசப்படுவது. ஒரு துருக்கியரைச் சுவாஷ் பேச்சின் நடுவே உட்கார வைத்தால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. 19ஆம் நூற்றாண்டின் பெரும் துருக்கியியலாளர் ராத்லோஃபே இதை ஆதியில் வேறு இனத்து மொழி, பிறகு துருக்கிய மயமானது என்றுதான் கருதினார். காதை நம்பினால் அப்படித்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.

ஆனால் சொற்களை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஒன்பது: துருக்கியில் தொகுஃஸ், சுவாஷில் தஹ்ஹர். பனிக்கட்டி: புஃஸ், பர். இலையுதிர் காலம்: குஃஸ், கெர். துருக்கியில் எங்கே ‘ஃஸ’ முடிவாக வருகிறதோ அங்கே சுவாஷில் ரகரம். அதேபோல் ஷகரத்துக்கு நேராக லகரம்: கல், தஷ் – சுல், வெள்ளி, குமுஷ் – கெமெல். எண்ணுப்பெயர், பருவம், கனிமம் என்று எந்தத் துறைச் சொல்லை எடுத்தாலும் அதே சட்டம். கடன் வாங்கியிருந்தால் இப்படி மாறி வந்திருக்காது. வாங்கிய வடிவத்திலேயே இருந்திருக்கும். ஆகவே சுவாஷ் துருக்கியக் குடும்பத்திலிருந்து மற்ற எல்லா மொழிகளுக்கும் முன்பே பிரிந்துபோன கிளை. அந்தக் கிளையில் இன்று உயிரோடிருப்பது அது ஒன்றுதான். மூலத்தில் இருந்தது ரகரமா ஃஸகரமா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் இரு கட்சி உண்டு. உறவில் இரு கட்சி இல்லை.

இந்த ரகரத்தை அறியாததால் நேர்ந்த ஒரு பிழையைப் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது. வோல்கா கரையில் வாழ்ந்த பல்கர் என்ற பழைய துருக்கிய மக்களின் கல்லறைக் கற்கள் அரபு எழுத்தில் இருக்கின்றன. காலம் 13, 14ஆம் நூற்றாண்டு. ஆண்டைக் குறிக்கும் இடத்தில் ‘ஜியாத் ஜூர்’ என்று படிக்கத் தகுந்த இரு சொற்கள் பல கற்களில் வந்தன. அரபு மட்டும் தெரிந்தவர்கள் இதைக் ‘கொடுமையின் வருகை’ என்று பொருள் கொண்டார்கள். எழுத்துக்கு எண்மதிப்புக் கொடுக்கும் அப்ஜத் கணக்கிலும் கூட்டிப் பார்த்தார்கள்: ஜீம் 3, யே 10, அலிப் 1, தே 400, மறுபடி ஜீம் 3, வாவ் 6, ரே 200. மொத்தம் 623. ஆக ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226, ஏதோ கொடுமை வந்த ஆண்டு என்று கதை முடிந்தது. பொருளும் இசைந்தது, கணக்கும் இசைந்தது. முடிவு மட்டும் தவறு. 1863இல் தாத்தார் அறிஞர் ஹுசைன் ஃபைஃஸ்கானோவ் அந்தச் சொற்களைச் சுவாஷோடு ஒப்பிட்டுப் படித்தார். அது ‘ஜியேத்தி ஜூர்’: துருக்கியில் ‘யெதி யுஃஸ்’, தமிழில் எழுநூறு. யகரம் ஜகரமாகவும், ஃஸகரம் ரகரமாகவும் நின்றிருக்கிறது. கல்லின் ஆண்டு ஹிஜ்ரி 700க்குப் பிந்தியது. முக்கால் நூற்றாண்டு வேறுபாடு! பல்கர் மொழிக்கும் சுவாஷுக்கும் உள்ள தொடர்பைப் பிறகு விரிவாக நிறுவியவர் நிக்கொலாய் அஷ்மாரின். 17 தொகுதிகளில் சுவாஷ் அகராதி தொகுத்தவரும் அவரே.

அதே ரகரம் ஹங்கேரிய மொழியிலும் கிடைக்கிறது. ஹங்கேரியம் துருக்கியக் குடும்பம் இல்லை. ஆனாலும் அதில் கடலுக்குத் தெங்கெர், எருதுக்கு ஒகொர், இரட்டைப் பிள்ளைக்கு இகெர். துருக்கியில் தெனிஃஸ், ஒகுஃஸ், இகிஃஸ். ஆக ஹங்கேரியர் இவற்றை வாங்கியது ரகரக் கிளை ஒன்றிடமிருந்து. அதுவும் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய நாட்டுக்கு வந்து சேரும் முன்பே, கிழக்கே புல்வெளியில் இருந்தபோது. பிற்காலத்தில் உஸ்மானியத் துருக்கியர் ஆண்டபோது வாங்கியிருந்தால் ஃஸகரம் அல்லவா வந்திருக்க வேண்டும்? கடன்சொல்லை அட்டவணையிலிருந்து நீக்கச் சொன்னேன். குப்பையில் போடச் சொல்லவில்லை. அதன் மேல் காலமும் இடமும் முத்திரையாக இருக்கும்.

குடும்பத்துக்குள் கிளை பிரிப்பதற்குத் துருக்கியியலில் ஓர் உரைகல் உண்டு. பாதத்தைக் குறிக்கும் சொல். பழைய துருக்கியத்தில் அதக். துருக்கியில் அயக், சைபீரியாவின் ககாஸ் மொழியில் அஃஸஹ், யாகூத்தில் அத்தஹ், சுவாஷில் உரா. நடுமெய் ஒன்றே தகரம், யகரம், ஃஸகரம், வல்லினத் தகரம், ரகரம் என்று ஐந்து முகம் காட்டுகிறது. ஒரு சொல்லை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதால் இன்னொன்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். வயிறு நிறைவதைக் குறிக்கும் வினை: துருக்கியில் தொய், யாகூத்தில் தொத், சுவாஷில் தரன். அதே வரிசை. 11ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்துகொண்டு துருக்கிய மொழிகளுக்கு அரபில் அகராதி எழுதிய மஹ்மூத் காஷ்கரி, எந்தக் குலத்தார் ‘அதக்’ என்பார்கள், எந்தக் குலத்தார் ‘அஃஸக்’ என்பார்கள் என்பதை அப்போதே குறித்து வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒப்பியல் இலக்கணம் தலையெடுப்பதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்! அந்த அகராதியின் ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியது. அது 1266இல் எழுதிய படி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் பழைய புத்தகங்களோடு விற்பனைக்கு வந்தபோது அலி எமிரி என்ற நூல் சேகரிப்பாளர் வாங்கிக் காப்பாற்றினார்.

இதே உரைகல்லில் இன்னொரு மொழி தனித்து நின்றது. ஈரானில் தெஹ்ரானுக்குத் தென்மேற்கே சில ஊர்களில் பேசும் கலஜ் மொழியில் பாதம் ‘ஹதக்’. நடுவில் பழைய தகரம் அப்படியே இருக்கிறது, முன்னால் வேறெங்கும் இல்லாத ஹகரம் ஒன்று. நெடுங்காலம் அதை அசர்பைஜானியின் வட்டார வழக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1968இல் களத்துக்குப் போன கெர்ஹார்த் தோர்ஃபர் அது தனிக் கிளை என்று வாதிட்டார். பக்கத்து ஊர்ப் பேச்சு போல் ஒலித்ததாலேயே அத்தனை காலம் யாரும் உற்றுக் கேட்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இயல்பாகப் புரியக்கூடியது குறில் நெடில் விஷயம். துருக்கியில் குதிரைக்கும் பெயருக்கும் சொல் கிட்டத்தட்ட ஒன்றே: ‘அத்’. ஆனால் ‘அவன் குதிரை’ என்றால் ‘அத்து’, ‘அவன் பெயர்’ என்றால் ‘அது’. (இரண்டிலும் இறுதி உகரத்தைப் ‘பட்டு’வின் உகரம்போல் ஒலிக்க வேண்டும்.) ஒன்றில் தகரம் வல்லென்று நிற்கிறது, மற்றதில் நெகிழ்கிறது. ஏன்? துருக்கிக்குள் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. துர்க்மெனில் குதிரை ‘அத்’, பெயர் ‘ஆத்’. யாகூத்திலும் குதிரை குறில், பெயர் நெடில். இந்த இரு மொழிக்காரர்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஒருவர் காரக்கும் பாலைவனத்தில், மற்றவர் லேனா ஆற்றுப் பனியில். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றிருக்க முடியாது. ஆகவே நெடில் மூதாதையிலேயே இருந்தது. துருக்கியில் நெடில் குறுகிப்போய், தான் இருந்ததற்கு அடையாளமாகத் தகரத்தை நெகிழ்த்திவிட்டுப் போயிருக்கிறது. புல்லும் நெருப்பும் இதே கதை: யாகூத்தில் புல் ‘ஒத்’, நெருப்பு ‘உவொத்’, துருக்கியில் முதலாவதன் தகரம் வன்மை, இரண்டாவதன் தகரம் மென்மை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. துர்க்மென் எழுத்துமுறை பொதுவாக நெடிலைக் காட்டாது. யாகூத்து எழுத்து உயிரை இரட்டித்துக் காட்டும். துர்க்மென் செய்தித்தாளையும் அகராதியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுபவர், துர்க்மெனில் நெடிலே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். எழுத்தை நம்பாமல் குரலைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான். யாகூத்து மொழிக்கு முதல் அறிவியல் இலக்கணத்தை 1851இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியிட்டவர் ஒட்டோ பேட்லிங். சமஸ்கிருத அகராதியாலும் பாணினி பதிப்பாலும் இந்தியாவில் அறியப்பட்ட அதே அறிஞர். ஒலியைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

அப்படிப் பதிவு செய்யும்போது கெட்டுப்போகும் இடங்கள் சில. சொல்லைத் தனியாகச் சொல்லச் சொன்னால் பேசுபவர் கடைசி அசையை இழுப்பார். பட்டியல் வாசிக்கும் இராகம் வந்துவிடும், குறில் நெடிலாகத் தெரியும். அதனால் ‘நான் — என்று சொன்னேன்’ போன்ற ஒரே சட்டகத்தில் வைத்து, ஐந்து முறை சொல்ல வைத்து, முதலையும் கடைசியையும் விட்டு, நடு மூன்றை அளக்க வேண்டும். கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவில் இருக்க வேண்டும்; செல்பேசிச் செயலிகள் அனுப்பும் சுருக்கிய ஒலியில் மெய்களின் உரசல் சிதைந்திருக்கும். கேள்வியை எந்த மொழியில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கலஜ் பேசுபவரிடம் பாரசீக வாக்கியத்தைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால், பாரசீக வாக்கிய அமைப்பே கலஜ் சொற்களை உடுத்திக்கொண்டு வரும்.

வினைமுற்றில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். துருக்கியில் ‘கெல்தி’ என்றால் வந்தான், ‘கெல்மிஷ்’ என்றாலும் வந்தான். பின்னது நம் ‘வந்தானாம்’ போல. ‘அவன் வந்தான் – இதை மொழிபெயர்’ என்றால் நூற்றுக்கு நூறு பேர் ‘கெல்தி’ என்பார்கள், ‘மிஷ்’ வெளியே வரவே வராது. காட்சி அமைத்துத்தான் அதை வரவழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது என்று ஒரு காட்சி. வாசலில் செருப்பைப் பார்த்து ஊகித்தது என்று ஒன்று. கதவைத் திறந்ததும் எதிர்பாராமல் ஆள் நிற்பது என்று ஒன்று. மூன்றுக்கும் துருக்கியில் ‘மிஷ்’ வரும். தமிழில் முதலாவதற்கு ‘வந்தானாம்’, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ‘வந்திருக்கிறான்’. ஆக ‘ஆம்’ விகுதியும் ‘மிஷ்’ விகுதியும் ஒன்று என்று கட்டுரை சொன்னது பாதி உண்மை. வெளி வட்டம் ஒட்டுகிறது, உள்ளே கோடு வேறு இடத்தில் விழுகிறது.

இலக்கண ஒப்புமைகளில் கட்டுரையாளர் தவறவிட்ட, இன்னும் அழகானவை உண்டு. ‘கெல்-தி-ம்’ என்பதை நம் ‘வந்-த்-ஏன்’ போலவே பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிக்கலாம். ‘கெலிப் கித்தி’, வந்து போனான். ‘தெ’ என்றால் சொல். அதிலிருந்து பிறந்த ‘தியெ’ நம் ‘என்று’ செய்யும் வேலையை அப்படியே செய்கிறது. நாம் ‘புத்தகம் கித்தகம்’ என்பது போல அவர்கள் ‘கிதாப் மிதாப்’ என்கிறார்கள். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும், உண்மைதான். கால்டுவெல்லும் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிடத்தைச் ‘சித்திய’ மொழிகளோடு (துருக்கியமும் அடங்கிய தொகுதிக்கு அவர் வைத்த பெயர்) சேர்க்கப் பார்த்ததற்கு இந்தக் கட்டமைப்பு ஒப்புமைதான் பெருங்காரணம். ஆனால் வினை கடைசியில் வரும் மொழிகளில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவதும், எச்சங்கள் முன்னால் அடுக்குவதும் பொதுவான போக்கு. கொரியம், ஜப்பானியம் எல்லாவற்றிலும் காணலாம். ‘சொல்’ என்னும் வினையிலிருந்து ‘என்று’ பிறப்பது ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றிலும் நடந்திருக்கிறது.

கட்டமைப்பு அண்டை வீட்டாரிடமிருந்து தொற்றும் என்பதற்குத் துருக்கியக் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. மல்தோவாவின் ககவூஸ், லித்துவேனியாவில் திராக்காய் ஊரின் கராயிம், இரண்டும் ஸ்லாவிய மொழிகளோடு நெடுநாள் பழகி, வினையை வாக்கியத்தின் நடுவுக்குக் கொண்டு வந்துவிட்டன. வாக்கிய அமைப்பை வைத்து உறவு சொன்னால் இவற்றை ஸ்லாவியக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். பின்னொட்டின் உயிர், முன்னால் வரும் உயிருக்கு இசைந்து மாறுவது துருக்கியத்தின் முத்திரை என்பார்கள். தாஷ்கந்து உஸ்பெக்கில் அதுவும் பெரும்பாலும் போய்விட்டது. இருந்தும் உஸ்பெக் துருக்கியமே, ஏனென்றால் ஒலிச்சட்டங்கள் அப்படியே நிற்கின்றன.

துருக்கியம், மங்கோலியம், கிழக்குச் சைபீரியப் பக்கத்துத் துங்கூசியம் மூன்றையும் ‘அல்தாய்’ என்ற பெருங்குடும்பமாக்கும் வாதம் பற்றிச் சுருக்கமாக. மொழியியலாளர்களில் ராம்ஸ்தெத், பொப்பே ஆதரித்தார்கள். கிளாசன், தோர்ஃபர் மறுத்தார்கள். எண்ணுப்பெயரைப் பாருங்கள்: துருக்கியில் பிர், இகி, உச், தொர்த், பெஷ்; மங்கோலியத்தில் நெக், ஹொயொர், குரவ், தொரொவ், தவ். நான்கு மட்டும் சற்றே ஒத்திருக்கிறது. அருகருகே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மொழிகளுக்கே இந்த நிலை என்றால், இடையில் அத்தகைய நெருக்கம் எதுவும் தெரியாத தமிழை ஓர் அட்டவணையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு அவசரம்!

இந்த அவசரம் ஒரு நாட்டின் கொள்கையாகவே ஆனதுண்டு. 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்கு மாறிய துருக்கி, 1932இல் மொழிக் கழகம் நிறுவி, வட்டார வழக்குகளிலிருந்து சொற்களைத் திரட்டியது. மதிக்கத் தக்க வேலை. ஆனால் 1936 மாநாட்டில் ‘சூரிய மொழிக் கொள்கை’ மேடையேறியது: ஆதிமனிதன் சூரியனைப் பார்த்து எழுப்பிய ஒலியிலிருந்து துருக்கி பிறந்தது, மற்ற மொழிகள் அதிலிருந்து பிறந்தன என்று. ஒலி ஒற்றுமையே அதன் ஒரே கருவி. துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938இல் மறைந்ததும் அது கைவிடப்பட்டது. தம் மொழியை நேசித்த அறிஞர்கள் அந்த ஆண்டுகளை வீணாக இழந்தார்கள்.

சோவியத் பக்கம் இழந்தது ஆண்டுகளை மட்டுமல்ல. 1926 பிப்ரவரி 26 முதல் மார்ச் 6 வரை பாக்குவில் முதல் துருக்கியியல் மாநாடு நடந்து, லத்தீன் எழுத்துக்கு ஆதரவாகத் தீர்மானித்தது. கசாக் மொழிக்கு அரபு எழுத்தைச் சீர்திருத்தி இலக்கணம் எழுதிய அஹ்மெத் பைதுர்சினுலி, கிரிமியத் தாத்தார் அறிஞர் பெக்கிர் சொபன்ஃஸாதெ இருவரும் அதில் கலந்துகொண்டவர்கள்; 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துருக்கியியலாளர் சமோய்லோவிச்சுக்கும், மொழியியலாளர் பொலிவானொவுக்கும் 1938இல் அதே முடிவு. பிறகு லத்தீனும் போய், ரஷ்ய மொழியின் எழுத்தான சிரில்லிக் வந்தது. அசர்பைஜானி 1929இல் லத்தீன், 1939இல் சிரில்லிக், 1991இல் மறுபடி லத்தீன். இன்று ஒரு சொல்லின் நூற்றாண்டு வரலாற்றைத் தேடுபவர் அதை நான்கு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டால் அந்தப் பத்தாண்டுகளில் அந்தச் சொல்லே வழங்கவில்லை என்று தோன்றும். அப்படித் தோன்றியதை முடிவாக எழுதியும் விடுவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மொழியுறவு பற்றிய அட்டவணை இனி வந்தால், இரு மொழிச் சொற்களுக்கான இரண்டு பத்தியோடு (நெடுவரிசையோடு) வெளியிடாமல் இன்னும் மூன்று பத்திகள் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அந்தச் சொல்லின் மிகப் பழைய வடிவமும் அது கிடைக்கும் நூலும் காலமும். இரண்டு, அதே குடும்பத்தின் வேறு கிளைகளில், துருக்கியம் என்றால் குறைந்தது சுவாஷிலும் யாகூத்திலும், அதன் வடிவம். மூன்று, அதே ஒலி வேறுபாட்டைக் காட்டும் வேறு மூன்று சொற்கள். அன்னெ வரிசையில் முதல் பத்தியை நிரப்பப் போனாலே எதிரே ‘ஒக்’ வந்து நிற்கும். தராசு வரிசையில் இரண்டாம் பத்தியில் பாரசீகம் எட்டிப் பார்க்கும். மூன்றாம் பத்தி வெறுமையாக நிற்கும் எந்த வரிசையையும், அது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒப்பியல் மொழியியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்